ஒரு ஆணிகூட அடிக்காமல்

ஐம்பத்தைந்து வயதுக்குமேல் சரோஜாவுக்கு ஒரு புது உத்தியோகம் வந்து சேர்ந்தது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. சமையலறை ஜன்னலோரம் வைத்திருக்கிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பச்சையாக எரிந்தால் வாயை மூடிக்கொண்டு குழம்பைக் கிண்டலாம். ஆரஞ்சுக்கு மாறினால், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற மருமகள் கீதாஞ்சலிக்குக் குரல் கொடுக்க வேண்டும். அணைந்தே போய்விட்டால் அந்தச் சிரமமும் இல்லை. அதற்குள் கீதாஞ்சலியே உள்ளேயிருந்து, "அத்தை, போச்சு!" என்று கத்தியிருப்பாள்.

அது தினமும் போகும். சரோஜா வாழ்க்கையில் எத்தனையோ போனதைப் பார்த்தவள். காசி என்கிற புருஷன் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்ததையும் பார்த்தாள். ஆனால் போனது போனதாகவும் இல்லாமல், வந்தது வந்ததாகவும் இல்லாமல், அரை நிமிஷம் போய் அரை நிமிஷம் வந்து இப்படி உயிரை வாங்குகிற சனியனை அவள் கண்டதில்லை. அவளுக்கு அலுத்துவிட்டது. கீதாஞ்சலிக்கு அதைவிட அலுத்துவிட்டது. வயிற்றில் ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிற பெண், வேறு வழியில்லாமல் அலுப்பைக் காட்டாமல் இருந்தாள்.

வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஆசிரமத்துக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருந்தது. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. முன்பக்கத்து மூன்று அறைகளையும் ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அறைகளுக்கு எதிரே தெருவாசலிலிருந்து ஒரு நீள நடை. நடை போய் முட்டுகிற இடத்தில் ஒரு கருங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் குடும்பம். வாடகைக்கு வந்தவர்கள் பல் விளக்கிக்கொண்டே சமையலறைவரை வந்துவிடுகிறார்கள் என்று காசி உயிரோடிருந்த காலத்தில் அங்கே இருந்த கதவை எடுத்துவிட்டுக் கல் வைத்து அடைத்துவிட்டார். அன்றிலிருந்து முன்பக்கம் போக வேண்டுமென்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்து வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

இன்டர்நெட் கம்பெனிக்காரன் வந்தபோது தன் பெட்டியைத் தெருவாசல் நடையில், முதலில் எங்கே நின்றானோ அங்கேயே மாட்டிவிட்டுப் போனான். வாடகைக்காரர்களுக்கு அது சௌகரியம். ஆனால் அதன் வைஃபை கருங்கல் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒயர் இழுத்தால்தான் உண்டு. சுவரில் விரல் பருமனுக்கு ஒரு துளை போட்டு ஒயரை விட்டால் வேலை முடிந்தது. அந்தத் துளையைத்தான் போட முடியாது.

மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது. இது சரோஜா கண்டுபிடித்த சட்டம் இல்லை. இந்த ஊர்க் கொத்தனார்களே, "வூட்ல யாராச்சும் மாசமா இருக்காங்களாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உளியைத் தொடுவார்கள். ஆனால் மற்ற வீடுகளில் ஒரு காலண்டர் ஆணி, ஒரு ஃபோட்டோ ஆணி என்று கண்டும் காணாமலும் விட்டுவிடுவார்கள். சரோஜா விடவில்லை. கீதாஞ்சலிக்கு நாள் தள்ளிப்போன செய்தி தெரிந்த அன்றே வீட்டிலிருந்த சுத்தியலை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. யாரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீதாஞ்சலி முதல் தடவை உண்டானாள். வாந்தியும் மயக்கமுமாகப் படுத்தே கிடந்தாள். பொழுது போகாமல் கிடக்கிறாளே என்று சரோஜாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. நடையில் இருந்த கேபிள் டிவி ஒயரைப் பிரித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, அவள் அறையிலேயே ஒரு டிவி வைத்துக் கொடுத்தாள். கேபிள்காரனைக் கூப்பிட்டுக் கருங்கல் சுவரில் துளை போடச் சொன்னதும் அவள்தான். மூணு மாசம் முடியலையே, இன்னும் ஊருக்கே சொல்லலையே, ஒரு தொளைதானே என்று நினைத்தாள். அந்த வாரமே கரு கலைந்துவிட்டது. டாக்டரம்மா ஏதேதோ காரணம் சொன்னார், இது பத்தில் ஒருவருக்கு நடப்பதுதான் என்றார். சரோஜா தலையாட்டிவிட்டு வந்தாள். வந்ததும் டிவியை எடுத்துத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். துளையில் பழைய புடவைத் துணியைத் திணித்து, சிமெண்டைக் குழைத்துத் தன் கையாலேயே பூசி, மேலே அண்ணாமலையார் படம் போட்ட காலண்டரை மாட்டினாள். வருஷம் மாறினால் காலண்டரும் மாறும். இடம் மட்டும் மாறாது.

ஆகவே மகன் திருமலை ஒயர் இழுத்தபோது, ஒரு ஆணிகூட அடிக்காமல் இழுக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. அவன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன், வளைந்து வளைந்து போகத் தெரிந்தவன். சந்து வழியாகக் கொண்டுவரலாம் என்றால், அந்தப் பக்கச் சுவர் அண்டைவீட்டுக் கருப்பனுடையது. அவர் சுவரில் பல்லி ஒட்டினாலே சண்டைக்கு வருவார். எனவே ஏற்கனவே எங்கெங்கே கொக்கியும் குழாயும் இருக்கிறதோ அங்கேயெல்லாம் ஒயர் போனது. தெருவாசல் மழைநீர்க் குழாயோடு மொட்டை மாடிக்கு ஏறியது. கைப்பிடிச் சுவர் நெடுக ஓடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியது. அங்கிருந்து மோட்டார் ஒயர் இறங்குகிற குழாய்க்குள்ளேயே தானும் நுழைந்து தோட்டத்துக் கடைசியில் இருக்கிற போர்வரை போனது. போரிலிருந்து துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து சமையலறை ஜன்னல் வழியாக நுழைந்து அந்தக் கறுப்புப் பெட்டியில் சேர்ந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று சும்மா சொல்வார்கள். திருமலை செய்தே காட்டிவிட்டான்.

முதல் நாள் பச்சை விளக்கு எரிந்தது. திருமலை கையைத் தட்டினான். சரோஜா அண்ணாமலையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். மறுநாள் காலை மோட்டார் போட்டதும் விளக்கு அணைந்தது.

கீதாஞ்சலி பார்த்த வேலை சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு. ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற இன்சூரன்ஸ் பில்களைத் திரையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். நோயாளிகளின் விவரம் என்பதால் கதவு மூடின தனி அறையில்தான் உட்கார வேண்டும், நடையில் போய் உட்கார்ந்து பார்க்க முடியாது. பாதி ஃபைலில் லைன் அறுந்தால் செய்ததெல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து வரும். அதுகூடப் பரவாயில்லை. அவள் இன்னும் அங்கே தற்காலிகம்தான். மாத முடிவில் வேலை நிரந்தரமானால் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு, திரும்பிப் போனால் அதே நாற்காலி. ஆகாவிட்டால் பிள்ளை பெற்றுக்கொண்டு வீட்டோடு இருக்க வேண்டியதுதான். மேலதிகாரி அபிநயா நல்ல பெண். "உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல கீதா, உங்க லைன்தான் குத்தம். நான் மேல என்னன்னு சொல்லுவேன்?" என்று ஃபோனில் வருத்தப்பட்டாள்.

இந்த வேலை போய்விட்டால் கீதாஞ்சலி ஒன்றும் சொல்ல மாட்டாள் என்பது சரோஜாவுக்குத் தெரியும். கரு கலைந்தபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். இந்த வேலை வந்துதான் எழுந்து உட்கார்ந்தாள், தலை சீவினாள், சிரித்தாள். வேலை போனால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளோ என்ற பயம்தான் சரோஜாவைப் பெட்டி விளக்குக்கு முன்னால் காவல் வைத்தது.

சரி, மோட்டார்தானே எதிரி என்று பகலில் மோட்டார் போடுவதை நிறுத்தினார்கள். மதியத்துக்குள் தொட்டி காலியாகும். குளிக்கப் போன வாடகைக்காரர்கள் சோப்பு நுரையோடு வந்து நிற்பார்கள். சரோஜா அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை திருமலை ஒயரை மோட்டார் குழாயிலிருந்து உருவி வெளியே தனியாகக் கட்டினான். இனிமேல் மோட்டார் ஓடினாலும் விளக்கு அசையாது என்றான். அசையவில்லைதான். அதற்குப் பதிலாக மோட்டார் ஓடாதபோதும் அணைய ஆரம்பித்தது.

கீதாஞ்சலி படித்த பெண், ஆத்திரப்படாமல் யோசித்தாள். லேப்டாப்பைத் திருமலையிடம் கொடுத்துத் தெருவாசல் பெட்டியில் நேராகச் சொருகிப் பார்க்கச் சொன்னாள். அங்கே ஓடியது. தொட்டியடியில் சொருகினால் அங்கேயும் ஓரளவு ஓடியது. சமையலறைக்கு வந்ததும் நொண்டியது. தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் கோளாறு என்றாள். பார்த்தால், ஒயர் பத்தாமல் திருமலை அங்கே ஒட்டுப் போட்டிருந்தான். ஒட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தொட்டி மேடைமேல் வைத்திருந்தான். கவருக்குள் தின்பண்டம் இருக்கும் என்று மலைக்குரங்குகள் தினம் வந்து பிரித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தன. துணிக்கொடிப் பக்கம் இன்னொரு கூத்து. ஈரப் புடவையின் கனத்தில் ஒயர் இழுபட்டு இழுபட்டு விறைத்திருந்தது. அந்தப் புடவையைக் காயப்போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. சரோஜாவே அன்றிலிருந்து துணியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைசியில் மணிவேலைக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் கேமராவும் ஒயரும் மாட்டுகிறவன். அவனும் அலுத்துப்போய்த்தான் வந்தான். பௌர்ணமி கிரிவலம் நெருங்கிவிட்டதால் எல்லா விடுதியிலும் அவனுக்கு வேலை. கையோடு கொண்டுவந்த புது ஒட்டைப் போட்டான். இரண்டு நாள் தாங்கியது. மறுபடி கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு பெட்டி வைத்தால் சிக்னலுக்குத் தெம்பு வரும் என்று தொட்டியடியில், மோட்டார் பிளக்கில் ஒன்றைச் சொருகினான். அது நிஜமாகவே நன்றாக ஓடியது. சரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் குரங்கு ஒன்று அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கருப்பன் வீட்டு முருங்கை மரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் தடவை வந்தபோது மணிவேல் மொட்டை மாடியிலிருந்து தோட்டம்வரை ஒயரோடு நடந்துபோய்த் திரும்பி வந்தான். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"சரோஜாக்கா, எனக்கு ஒண்ணும் ஒளிச்சுப் பேசத் தெரியாது. இந்த ஒயரு நூறு மீட்டருக்கு மேல தாங்காது. நீங்க அதுக்கும் மேல இழுத்துட்டீங்க. அதுவும் வெயில்ல, ஒட்டுப் போட்டு. எங்க ஒட்டினாலும் இன்னோரு எடத்துல பிச்சுக்கும்."

"அப்ப இன்னாதான்டா வழி?"

"வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். செவுத்துல ஒரு தொளை. அந்தாண்டப் பக்கம் நடை, இந்தாண்டப் பக்கம் ரூமு. அஞ்சு நிமிஷ வேலை."

 திருமலை தரையைப் பார்த்தான். கீதாஞ்சலி தன் கைவளையல்களைத் திருப்பிக்கொண்டிருந்தாள். போன மாதம் வளைகாப்பில் போட்டவை, இரண்டு கையிலும் முழங்கைவரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போன பெண், கீழ்பென்னாத்தூரில் அவர்கள் தெருவுக்கு இன்னும் லைன் வரவில்லை என்று முறைக்கு ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பி வந்திருந்தாள்.

"அவ நல்லபடியா பெத்து எடுக்கட்டும். அப்புறம் ஒண்ணுக்கு நாலா தொளை போட்டுக்கோங்க" என்றாள் சரோஜா.

"அதுக்குள்ள என் வேலை போயிடும்த்தை" என்று கீதாஞ்சலி மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மணிவேல் இரண்டு முனையிலும் பிளக் மாட்டித் தயாராக வைத்திருந்த ஒரு சுருள் ஒயரைக் கதவுக் கொக்கியில் மாட்டினான். "நடைக்கும் ரூமுக்கும் இது போதும். மனசு மாறுச்சுன்னா சொல்லுங்கக்கா." பழைய ஒட்டுக்கு இன்னும் ஒரு சுற்று டேப் சுற்றிவிட்டு அவன் போனான். சரோஜா அன்று இரவுச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டாள், யாரும் அதைச் சொல்லவும் இல்லை.

பௌர்ணமி வந்தது. செங்கம் ரோட்டில் காலையிலிருந்தே ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டது. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். திருமலை வெளியூர்ப் பக்தர்களை ஏற்றிக்கொண்டு போனவன், ராத்திரிக்கு முன்னால் வீடு திரும்ப முடியாது. மற்ற நாளிலேயே அந்தச் சந்துக்குள் செல்ஃபோன் நெட் நொண்டும், பௌர்ணமி என்றால் அதை நம்பிப் பிரயோசனமே இல்லை. அத்தனை லட்சம் பேர் கையிலும் ஃபோன் இருக்கும்போது ஃபோனில் கோடு முழுக்கச் சிக்னல் காட்டினாலும் ஒரு 'ஹலோ' போய்ச் சேராது.

மாத முடிவும் வந்துவிட்டது, அன்றைக்குத்தான் கீதாஞ்சலிக்குக் கடைசிப் பரீட்சை, தேறினால் வேலை நிரந்தரம். மதியத்துக்கு மேல் அபிநயா சென்னையிலிருந்து அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கொடுக்கிற ஃபைல்களை இவள் முடித்துக் காட்ட வேண்டும். "லைன் கட்டாச்சுன்னா அரை மணி நேரம் வெயிட் பண்றேன் கீதா. அதுக்கு மேல சிஸ்டமே மூடிடும், என் கையில இல்ல" என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

சரோஜா அன்று அடுப்பைக்கூட மூட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்குக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் கிடையாது, துணி கிடையாது. குரங்குக்கென்று மொட்டை மாடியில் ஒரு மூலையில் வாழைப்பழம் வைத்துவிட்டு வந்திருந்தாள். லஞ்சம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். பச்சை எரிந்தது. உள்ளேயிருந்து டைப் அடிக்கிற சத்தம் மழை மாதிரி விடாமல் கேட்டது. ஒரு மணி நேரம் போனது. எழுந்து, ராத்திரிக்காவது ஏதாவது செய்ய வேண்டுமே என்று பின்கட்டில் கீரை பறிக்கப் போனாள். கை நிறையப் பறித்திருப்பாள், அவ்வளவுதான்.

வளையல் சத்தம் கேட்டது. அறைக்குள்ளிருந்து கேட்க வேண்டிய சத்தம் தலைக்குமேல் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். மொட்டை மாடிக்குமேல், தண்ணீர்த் தொட்டி மேடைக்குப் போகிற இரும்பு ஏணியில் கீதாஞ்சலி ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கை கம்பியில், ஒரு கை வயிற்றில். ஏணிக்கும் மேடைக்கும் நடுவில் கால் தடவிக்கொண்டிருந்தது.

சரோஜா கத்த வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள்.  கத்தினால் திரும்பிப் பார்ப்பாள், திரும்பினால் விழுவாள். கீரை கையிலிருந்து விழுந்ததோ, வைத்தாளோ, தெரியாது. அந்த முட்டிவலிக்காரி எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஏணிக்குக் கீழே போய் நின்று இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, வந்துட்டீங்களா? ஒட்டு விட்டுப்போச்சு. நான் இத அழுத்திப் புடிக்கிறேன், நீங்க கீழ போய் லைட்டு வருதான்னு பாருங்க." கீதாஞ்சலியின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. அந்த நிதானம்தான் பயமாக இருந்தது.

"மொதல்ல நீ எறங்கு."

"அரை மணி நேரந்தான் அத்தை கீது. அதுல பத்து நிமிஷம் போயிடுச்சு."

"எறங்கு கண்ணு. லைட்டு எரியும். நான் எரிய வெக்கிறேன். நீ எறங்கு."

கீதாஞ்சலி இறங்கினாள். கடைசிக்கு முந்தின படியில் செருப்பு வழுக்கியது. சரோஜா மேல் சாய்ந்தாள். வளையல் இரண்டு உடைந்து தரையில் விழுந்தது. இரண்டு பேரும் தொட்டிச் சுவரோடு சேர்ந்து நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று சரோஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள். சுவரைத் தொடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்று இத்தனை மாதமும் காத்த காவலெல்லாம் நிறைமாசத்தை நோக்கிப் போகிற பெண்ணைக் கொண்டுபோய் இந்த ஏணியில் ஏற்றியிருக்கிறது. இந்த அழகுக்கா தேங்காய் உடைத்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அழக்கூட நேரமில்லாத கோபம்.

கீழே வந்ததும் அரிசிப் பானையில் கையை விட்டுச் சுத்தியலை எடுத்தாள். ஜன்னல் திரைக் கம்பியை உருவினாள். நேரே கீதாஞ்சலியின் அறைக்குப் போய் அண்ணாமலையாரைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு. பூசினவளின் விரல் தடம் அதில் அப்படியே இருந்தது.

கம்பி முனையைத் திட்டின் நடுவில் வைத்தாள். சுத்தியலைத் தூக்கினாள். தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. "நீ வெளிய போ கீதா. சந்துல போய் நில்லு. இங்க இருக்காத."

கீதாஞ்சலி போகவில்லை. வியர்வையில் நனைந்த முகத்தோடு கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீங்க இத மூடுனப்ப நான் தூங்கல அத்தை."

சரோஜா திரும்பவில்லை.

"கண்ண மூடிக்கினு படுத்திருந்தேன். நீங்க சிமெண்டு பூசிக்கினே அழுதீங்க. சத்தம் வராம, முந்தானைய வாயில வெச்சுக்கினு. என் பக்கத்துல உக்காந்து எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. அழுதது நீங்க ஒருத்தர்தான். அப்பவே எழுந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும், உங்களால ஒண்ணும் ஆவலன்னு. எனக்குத் தெம்பு இல்ல." கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அடிங்கத்தை. நான் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

சரோஜா அடித்தாள். முதல் அடியில் கம்பி நழுவியது. இரண்டாவது அடியில் சிமெண்டு பிளந்தது. அவள் வாய் ஓயாமல் அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே என்று முணுமுணுத்தது. அடி விழும்போதெல்லாம் தன் வயிற்றிலேயே விழுவது போல உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். பழைய புடவைத் துணி சுருண்டு வெளியே வந்தது. அந்தப் பக்கத்துப் பூச்சு உதிர்ந்ததும் நடையின் வெளிச்சம் ஒரு புள்ளியாக உள்ளே விழுந்தது.

மணிவேல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போன சுருள் ஒயரின் நுனியைத் துளைக்குள் திணித்துவிட்டு, சரோஜா சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினாள். நடையில் ஒரு வெள்ளைக்காரம்மா காவித்துணி கட்டிக்கொண்டு, சுவரிலிருந்து வால் மாதிரி தொங்குகிற ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இழும்மா, இழு!" என்று சரோஜா தமிழிலேயே சொன்னாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து நடை நெடுகக் கொண்டுபோய்த் தெருவாசல் பெட்டியில் சொருகினார்கள்.

"அத்தை!" என்று துளை வழியாகக் கீதாஞ்சலியின் குரல் வந்தது. "வந்துடுச்சு! அபிநயா மேடம் லைன்லதான் இருக்காங்க!"

சரோஜா நடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே தெருவில் ஜனம் அரோகரா சொல்லிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் கீதாஞ்சலி அறைக்கதவைத் திறந்துகொண்டு சமையலறைக்கு வந்தாள். சரோஜா அடுப்பில் பால் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பழைய பெட்டியின் விளக்கு அணைந்தே கிடந்தது. இனி அதைப் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை பர்மனென்ட் அத்தை. இப்பதான் சொன்னாங்க."

"சரி." அவ்வளவுதான் சரோஜா சொன்னாள். மத்தியானத்திலிருந்து அவள் கேட்க நினைத்த கேள்வி வேறு. "உள்ள இன்னா பண்ணுது? அசையுதா?"

"நீங்க அடிக்க அடிக்க ஒதைச்சுது. இப்ப கொஞ்ச நேரமா சும்மா கீது."

சரோஜாவின் முகம் மாறிவிட்டது. கீதாஞ்சலி அதைப் பார்த்தாள். முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, நகக்கண்ணெல்லாம் சிமெண்டுத் தூளாக இருந்த அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். ஒன்றும் இல்லை. சரோஜா காத்திருந்தாள். சுத்தியலும் இல்லை, சட்டமும் இல்லை, சும்மா காத்திருக்கிறதைவிட இந்த உலகத்தில் வேறு வேலையே இல்லை என்பது போலக் காத்திருந்தாள்.

பிறகு உள்ளங்கைக்குக் கீழே, நன்றாக, கோபமாக, ஒரு உதை விழுந்தது.

அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. சரோஜா கையை எடுக்கவில்லை. வழிந்தால் வழியட்டும்.